தம்பதிக்குள் எச்.ஐ.வி.: எதை அளக்க வேண்டும்?

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தென்பட்டது. இந்தியாவில் இந்த வைரஸ் முதலில் கண்டறியப்பட்டது அப்போதுதான். தேடிய இடத்தில் அது கிடைத்ததாலோ என்னவோ, இது 'அந்த மாதிரி' பெண்களுக்கும் அவர்களிடம் போகும் ஆண்களுக்கும் உரிய நோய் என்ற எண்ணம் நம் மனத்தில் அழுத்தமாகப் படிந்துவிட்டது. சுனிதி சாலமன் அதோடு நின்றுவிடவில்லை. 1993-ல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற அமைப்பைத் தொடங்கி, தொற்றுள்ளவர்களுக்குச் சிகிச்சை அளிக்க ஆரம்பித்தார். அங்கே வந்த 134 பெண்களின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2000-ல் ஒரு கட்டுரை வெளியானது. அந்தப் பெண்களில் 81 சதவீதம் பேர் வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்த இல்லத்தரசிகள். 88 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரே ஆணுடன் மட்டும் உறவு கொண்டிருந்ததாகச் சொன்னவர்கள். அந்த ஆண் பெரும்பாலும் தாலி கட்டிய கணவன்.

அந்த எண்கள் வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. ஆனாலும், கணவன் மனைவிக்கு இடையே எச்.ஐ.வி. பரவுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் இன்னமும் நடத்தையைத்தான் அளக்கிறோம். ஒழுங்காக இருந்தால் வராது, வந்துவிட்டால் ஒழுங்காக இல்லை என்று இரண்டே வாக்கியத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மருத்துவம் அளப்பது வேறொன்றை. தொற்றுள்ள துணையின் ரத்தத்தில், ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை வைரஸ்கள் இருக்கின்றன என்பதை. எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் 'வைரல் லோட்' என்று சொல்லப்படும் அந்த எண், ஒரு தம்பதிக்குள் தொற்று பரவுமா பரவாதா என்பதை வேறு எதைக் காட்டிலும் அதிகமாகத் தீர்மானிக்கிறது. இதை ஏற்றுக்கொண்டால் நம்மிடையே உள்ள இரண்டு தவறுகள் சேர்ந்தே விலகும். ஒன்று, திருமணம் தானாகவே பாதுகாப்பு என்ற நம்பிக்கை. மற்றது, தொற்றுள்ளவரோடு குடும்பம் நடத்துவதே ஆபத்து என்ற பயம்.

முதலில் ஆபத்தின் அளவைப் பார்ப்போம். உகாண்டாவின் ராக்காய் மாவட்டத்தில், 1990-களில், தம்பதியில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 415 ஜோடிகளை மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அப்போது அங்கே மருந்து கிடைக்கவில்லை. ஒரு முறை உறவு கொண்டால் தொற்று பரவ எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டபோது, சராசரியாக ஆயிரத்தில் ஒன்று என்று வந்தது. பணக்கார நாடுகளில் செய்த ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் அதைவிடக் குறைவாகவே சொல்கிறார்கள்: ஆணிடமிருந்து பெண்ணுக்குப் பத்தாயிரத்தில் எட்டு, பெண்ணிடமிருந்து ஆணுக்குப் பத்தாயிரத்தில் நான்கு. இந்த எண்ணைக் கேட்டவுடன் 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். அங்கேதான் சறுக்கல். திருமணம் ஒரு முறையோடு முடிகிற உறவா? ஆண்டுக்கு நூறு முறை என்று வைத்துக்கொண்டால், ஆயிரத்தில் ஒன்று என்பது அந்த ஓர் ஆண்டிலேயே கிட்டத்தட்டப் பத்தில் ஒன்றாக வளர்ந்துவிடுகிறது. ராக்காயில் நடந்ததும் இதுதான். அந்த 415 ஜோடிகளில், சுமார் இரண்டரை ஆண்டுகளுக்குள், 90 பேருக்குத் துணையிடமிருந்து தொற்று ஏற்பட்டது. வழிப்போக்காக நேரும் ஓர் உறவைவிட, வருடக்கணக்கில் பாதுகாப்பில்லாமல் தொடரும் தாம்பத்தியத்தில் இந்தச் சின்ன எண் பெரிதாகிறது.

அதே ஆய்வை மறுபக்கமாகவும் படிக்க வேண்டும். 325 பேருக்கு அந்தக் காலத்துக்குள் தொற்று வரவில்லை. கணவனுக்கு இருந்தால் மனைவிக்கும் இருந்தே தீரும் என்று முடிவு கட்டி, சோதனைக்கே போகாமல் காலம் தள்ளும் குடும்பங்கள் உண்டு. இத்தனை வருடம் வாழ்ந்தும் எனக்கு வரவில்லை, இனி எங்கே வரப்போகிறது என்று அசட்டையாக இருப்பவர்களும் உண்டு. இரண்டு பேரும் ஒரு சராசரியைத் தங்கள் விதியாக எடுத்துக்கொள்கிறார்கள். சராசரிக்கு உள்ளே பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கிறது. ராக்காயில், ரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவாக இருந்தவர்களிடமிருந்து பரவும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. மிக அதிகமாக இருந்தவர்களிடமிருந்து பத்தாயிரத்தில் இருபத்துமூன்று. மில்லிலிட்டருக்கு 1500-க்கும் குறைவாக வைரஸ் இருந்த 51 பேரின் துணைகளில் ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை. பிறப்புறுப்பில் புண் இருந்தால் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு கூடியது. பால்வினை நோய்ப் புண்ணை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக் கைவைத்தியத்தில் மறைத்துவைப்பது எவ்வளவு கேடு என்பதற்கு இந்த ஓர் எண் போதும். எல்லாவற்றையும்விட முக்கியமானது தொற்று ஏற்பட்ட முதல் இரண்டரை மாதம். அப்போது வைரஸ் ரத்தத்தில் வெள்ளமாகப் பெருகியிருக்கும். பரவும் வாய்ப்பு சுமார் 120-ல் ஒன்று வரை உயர்ந்தது. அந்த நேரத்தில் தொற்றுள்ளவருக்கு ஒரு காய்ச்சல், தொண்டை வலிக்கு மேல் எதுவும் தெரியாமல் போகலாம். சாதாரண ரத்தச் சோதனைகூடச் சில வாரங்கள் 'இல்லை' என்றே காட்டலாம்.

செட்டிநாட்டிலிருந்து இதை எண்ணிப்பார்க்கத் தனிக் காரணம் இருக்கிறது. பொருள் தேடிப் பிரிவது இந்த மண்ணின் பழைய வாழ்க்கைமுறை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்திய காலத்தில், நகரத்தார் கடைகளின் மேலாட்களும் கணக்கர்களும் மூன்று ஆண்டுக் கணக்கில் அக்கரையில் இருந்துவிட்டு ஊர் திரும்புவார்கள். பெண்கள் இங்கே பெரிய வீடுகளில் காத்திருந்தார்கள். அது எச்.ஐ.வி.யை உலகம் அறியாத காலம். அந்தத் தலைமுறையின் மேல் இந்த நோயை ஏற்றிப் பேசுவது அபத்தம். பிரிந்து வாழும் முறை மட்டும் இன்றும் தொடர்கிறது. இப்போது எல்லாச் சமூகத்தாரும் போகிறார்கள். காரைக்குடியிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் இளையான்குடியிலிருந்தும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போய், ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு முறை விடுப்பில் வருகிறார்கள். போகும்போது 'மெடிக்கல்' கட்டாயம். அதில் எச்.ஐ.வி. சோதனையும் அடக்கம். அங்கே போன பிறகு தொற்று தெரியவந்தால் வளைகுடா நாடுகள் ஆளைத் திருப்பி அனுப்பிவிடும். இந்த ஏற்பாடு காப்பது யாரை? வேலை கொடுக்கும் நாட்டை. விடுப்பில் வந்து இறங்கும் மனிதரை, அவரது மனைவியை முன்னிட்டு யாரும் சோதிப்பதில்லை. பல மாதப் பிரிவுக்குப் பின் வரும் அந்த ஒன்றிரண்டு மாதங்கள்தான் தம்பதி நெருங்கியிருக்கும் காலம். அண்மையில் தொற்று ஏற்பட்டிருந்தால் வைரஸ் உச்சத்தில் இருப்பதும் அந்த நாட்களோடு ஒத்துப்போகலாம். 'போகும்போதே மெடிக்கல்ல பாஸ் பண்ணித்தானே போனாரு' என்பது இங்கே அடிக்கடி சொல்லப்படும் சமாதானம். அந்தச் சான்றிதழ் போன நாளுக்கு மட்டும் சாட்சி.

வெளிநாடு போனவர்தான் எப்போதும் கொண்டுவருகிறார் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தென்னாப்பிரிக்காவில் வேலைக்காக வெளியூர் செல்லும் ஆண்களின் குடும்பங்களை ஆராய்ந்தபோது, ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த ஜோடிகளில் கிட்டத்தட்ட முப்பது சதவீதத்தில், தொற்று இருந்தது ஊரில் தங்கிய பெண்ணுக்கு. பிரிவு இரண்டு பக்கமும் பாதிக்கும். கையெட்டும் தூரத்தில் சேர்ந்து வாழும் தம்பதிகளுக்கும், திருமணத்துக்கு முன் ஏற்பட்ட தொற்றோ பழைய ஓர் உறவின் தொடர்ச்சியோ, பத்து வருடம் வரை எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளே இருக்கலாம். ஆகையால் 'யார் கொண்டுவந்தது' என்ற கேள்விக்குப் பல சமயம் நேர்மையான விடை கிடைப்பதே இல்லை.

கிடைக்காத அந்த விடையைத்தான் நம் வீடுகளில் அவசரமாக எழுதிவிடுகிறார்கள். அதற்கு விலை கொடுப்பவள் பெரும்பாலும் மனைவி. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் எச்.ஐ.வி. சோதனை செய்வது தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக நடைமுறை. குழந்தைக்குத் தொற்று போகாமல் தடுத்த அருமையான திட்டம் அது. அதன் பக்கவிளைவாக, ஒரு குடும்பத்தில் முதலில் சோதிக்கப்படுவது பல நேரம் பெண்ணின் ரத்தம். முதலில் கண்டுபிடிக்கப்பட்டவளே முதலில் பெற்றவள் என்று மாமியார் வீடு முடிவு செய்கிறது. 'எம் புள்ளைக்கு இவதான் குடுத்தா' என்ற சொல் அங்கிருந்து பிறக்கிறது. கணவன் அதுவரை சோதனையே செய்துகொண்டிருக்க மாட்டான். தெரியவந்த வரிசை வேறு, தொற்று வந்த வரிசை வேறு. சாதாரண எச்.ஐ.வி. சோதனை தொற்று இருக்கிறதா என்று சொல்லும், எந்த ஆண்டில் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது. கணவன் இறந்த பிறகு தொற்றோடு பிறந்தவீட்டுக்கு அனுப்பப்பட்ட இளம் விதவைகள் தமிழ்நாட்டில் 1990-களிலும் 2000-களிலும் எத்தனையோ பேர். அவர்களுக்கு நேர்ந்த அநியாயத்தில் வைரஸின் பங்கு பாதிதான்.

இனி மருந்துக்கு வருவோம். வைரஸின் அளவே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால், மருந்தால் அந்த அளவைக் குறைத்தால் துணையைக் காக்க முடியுமா? இதற்கு விடை தேடிய உலகின் மிகப் பெரிய சோதனைகளில் ஒன்றில் சென்னைக்கும் பங்கு உண்டு. எச்.பி.டி.என். 052 என்று பெயரிட்ட அந்த ஆய்வில் ஒன்பது நாடுகளிலிருந்து 1763 தம்பதிகள் சேர்ந்தார்கள். சென்னையின் ஒய்.ஆர்.ஜி. கேர், புனேயின் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் இரண்டும் அதில் இடம்பெற்றன. நூற்றுக்கு 97 ஜோடிகள் ஆண்-பெண் ஜோடிகள். ஒருவருக்குத் தொற்று, மற்றவருக்கு இல்லை. தொற்றுள்ளவர்களில் ஒரு பாதிப் பேருக்கு உடனே கூட்டு மருந்து கொடுத்தார்கள். மறுபாதிக்கு, அன்றைய வழக்கப்படி, எதிர்ப்புச் சக்தி இறங்கிய பிறகு கொடுப்பதாக ஏற்பாடு. 2011-ல் முடிவு வெளியானது. துணையிடமிருந்தே வந்தது என்று மரபணுச் சோதனையில் உறுதியான 28 தொற்றுகளில், உடனே மருந்து பெற்றவர்கள் பக்கம் நேர்ந்தது ஒன்றே ஒன்று. 96 சதவீதப் பாதுகாப்பு. ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வு இன்னும் ஒரு படி போனது. மருந்தால் வைரஸ் கட்டுப்பட்டிருந்த ஆண்-பெண் ஜோடிகள் ஆணுறை இல்லாமல் சுமார் 36,000 முறை உறவு கொண்டதைக் கணக்கெடுத்து, துணையிடமிருந்து ஒரு தொற்றுகூடப் பரவவில்லை என்று 2016-ல் அறிவித்தது. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது: மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, வைரல் லோட் சோதனையில் வைரஸ் தென்படாத நிலையை அடைந்தவர், உடலுறவு வழியே துணைக்குத் தொற்றைக் கடத்தும் ஆபத்து பூஜ்யம்.

இந்தியாவில் அரசு இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில் தொடங்கியது. முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று. அப்போது ரத்தத்தில் எதிர்ப்பு அணுக்கள் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. 2017 முதல், தொற்று தெரிந்த உடனே மருந்து என்பது நாட்டின் கொள்கை. இன்று பெரும்பாலோருக்குத் தினமும் ஒரே ஒரு மாத்திரை. பொதுவாக ஆறு மாதத்துக்குள் வைரஸ் தென்படாத நிலைக்கு வந்துவிடும். கட்டணம் கிடையாது.

இப்படி எழுதினால் பயம் போய்விடும், பயம் போனால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று ஒரு மறுப்பு வரும். நல்ல எண்ணத்தோடு சொல்பவர்களே இதைச் சொல்கிறார்கள், அதனால் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். பயமுறுத்திய காலத்தை நாம் பார்த்திருக்கிறோம். மண்டை ஓட்டுச் சுவரொட்டிகள் இருந்த அந்த 1990-களில்தான் தமிழ்நாட்டில் தொற்று ஏறிக்கொண்டே போனது. நூற்றாண்டு திரும்பும் வேளையில் கர்ப்பிணிகளில் ஒரு சதவீதத்துக்கு மேல் தொற்று காணப்பட்டது. இறக்கம் வந்தது, ஆபத்து எங்கே அதிகமோ அங்கே போய் வெளிப்படையாகப் பேசி, ஆணுறை கொடுத்து, பால்வினை நோய்களுக்கு மருத்துவம் பார்த்த பிறகு. 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரெங்கும் விளம்பரப் பலகைகள் நின்றது பலருக்கு நினைவிருக்கும். பாலியல் தொழிலாளரிடம் போகும் ஆணை நோக்கிக் கேட்ட கேள்வி அது. முகம் சுளித்தவர்கள் நிறைய, ஆனால் டீக்கடையில் அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. தென்னிந்திய மாநிலங்களில் 15 முதல் 24 வயதுக் கர்ப்பிணிகளிடையே 2000-க்கும் 2004-க்கும் இடையில் தொற்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாக 2006-ல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பேச்சு வெளிப்படையான பிறகு தொற்று கூடவில்லை, குறைந்தது. பயம் ஒரு மனிதனைத் தவறிலிருந்து தடுக்கிறதோ இல்லையோ, சோதனை மையத்திலிருந்து நிச்சயமாகத் தடுக்கிறது. சோதித்துக்கொள்ளாதவரின் ரத்தத்தில்தான் வைரஸ் கட்டுப்பாடில்லாமல் இருக்கிறது.

ஆணுறை இருக்கும்போது இவ்வளவு கணக்கு எதற்கு என்று இன்னொரு கேள்வி. ஆணுறை நல்ல பாதுகாப்பு. எப்போதும் பயன்படுத்தும் ஜோடிகளில் தொற்று சுமார் 80 சதவீதம் குறைகிறது, பிற பால்வினை நோய்களையும் அது தடுக்கிறது, மாத்திரை அதைச் செய்யாது. மருந்து தொடங்கிய முதல் மாதங்களிலும், மாத்திரை விட்டுப்போகும் காலங்களிலும் ஆணுறையைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் நம் தாம்பத்தியத்தில் அதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது? தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆபரேஷன் ஆன மனைவி ஆணுறை கேட்டால் கணவன் காதில் அது குற்றச்சாட்டாக விழும். ஊருக்கு வந்த கணவன் தானே எடுத்து வைத்தால் அது ஒப்புதல் வாக்குமூலமாகிவிடும். குழந்தை இல்லாத தம்பதிக்கோ வாரிசு வேண்டும் என்ற நெருக்கடி. தொற்றுள்ள ஒருவரும் இல்லாத ஒருவரும் சேர்ந்து வாழ்ந்து குழந்தையும் பெற வேண்டும் என்றால், ஆணுறை மட்டும் போதாது. வைரஸ் தென்படாத நிலையை அடைந்த பிறகு, மருத்துவரின் ஆலோசனையோடு இயல்பாகவே கருத்தரிக்கலாம். மருந்து இந்தக் கதவைத் திறந்துவிட்டது பலருக்கு இன்னும் தெரியாது என்பது வருத்தமான விஷயம். தொற்றுள்ளவர்களுக்கு இடையே வரன் பார்த்துத் திருமணம் செய்துவைத்த சுனிதி சாலமன், அவர்களும் குடும்பம் நடத்த விரும்பும் மனிதர்கள்தான் என்பதைப் புரிந்துகொண்டவர். அவர் 2015-ல் மறைந்தார்.

கல்யாணத்துக்கு முன் சோதனையைச் சட்டப்படி கட்டாயமாக்கினால் என்ன? நியாயமாகத் தோன்றும் யோசனை, ஆனால் மூன்று இடத்தில் இடிக்கிறது. புதிதாக ஏற்பட்ட தொற்றைச் சோதனை தவறவிடலாம். திருமணத்துக்குப் பின் ஏற்படும் தொற்றுக்கு முன்கூட்டியே எடுத்த சான்றிதழால் பயன் இல்லை, 'மெடிக்கல்' விஷயத்தில் பார்த்த அதே குறைதான். மேலும், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், விவரம் அறிந்த சம்மதம் இல்லாமல் யாரையும் சோதிப்பதைத் தடுக்கிறது. அது சரியான தடை. கட்டாயப்படுத்தினால் பொய்ச் சான்றிதழ் பெருகும். ஆனால் இரு வீட்டாரும் மனமொத்துச் செய்துகொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. நகரத்தார் திருமணத்தில் இரு தரப்பும் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். சீர்ப்பொருள்களை ஒன்றுவிடாமல் பட்டியலிடும் ஊர் இது. முக்கியமானதை வெளிப்படையாகப் பேசி எழுதிக்கொள்வது இங்கே அவமானம் இல்லை. அந்தப் பழக்கத்தின் ஓரத்தில், மணமக்கள் இருவரும் சேர்ந்து ஒரு ரத்தச் சோதனை செய்துகொள்வதற்கும் இடம் கொடுக்கலாம். 'சேர்ந்து' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பெண்ணை மட்டும், அல்லது மாப்பிள்ளையை மட்டும் சோதிப்பது சந்தேகம். இருவரும் செய்வது ஏற்பாடு. நீண்ட பிரிவுக்குப் பின் ஊர் திரும்பும் ஒவ்வொரு முறையும் இதையே செய்யலாம், முதல் சோதனைக்குப் பின் மூன்று மாதம் கழித்து இன்னொன்று. அதுவரை ஆணுறை. இருவருக்குமான விதி என்று ஆகிவிட்டால் யாரும் யாரையும் குற்றம் சாட்டியதாகாது.

கடைசியாக ஒரு சங்கடம். கணவனுக்குத் தொற்று இருந்து அவன் மனைவியிடம் மறைத்தால் மருத்துவர் என்ன செய்வது? ரகசியம் காப்பது அவர் கடமை, தெரிந்துகொள்வது அவள் உரிமை. சட்டம் நடுவே ஒரு வழி வைத்திருக்கிறது. தொற்றுள்ளவருக்கு ஆலோசனை சொல்லி, துணையிடம் அவரே சொல்லும்படி வற்புறுத்த வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று உறுதியாகி, துணைக்குப் பெரிய ஆபத்து இருக்கிறது என்றும் தெரிந்தால், முன்கூட்டியே அவருக்கு அறிவித்துவிட்டு மருத்துவரோ ஆலோசகரோ துணையிடம் நேரில் சொல்லலாம். தொற்றுள்ளவர் பெண்ணாக இருந்து, சொன்னால் அடிஉதைக்கோ கைவிடப்படுவதற்கோ ஆளாவாள் என்ற நியாயமான அச்சம் இருந்தால் சொல்லக்கூடாது. ஒரே செய்தி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விளைவைத் தருவதில்லை என்பதைச் சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள். அவள் சொல்ல முடியாமல் போனாலும், அவளுக்கு மருந்து கிடைத்து அவள் ரத்தத்தில் வைரஸ் தென்படாத நிலைக்கு வந்துவிட்டால் கணவனுக்கும் ஆபத்து இல்லை. காரைக்குடி அரசு மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் சோதனையும் ஆலோசனையும் இலவசம், பெயர் வெளியே போகாது. தொற்றுள்ளவரோடு பாதுகாப்பில்லாத உறவு நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய தடுப்பு மருந்தும் இருக்கிறது, நேரம் போகப் போக அதன் பலன் குறையும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 1097 என்ற தேசிய உதவி எண்ணில் கேட்கலாம். அழைப்புக்குக் கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.